ஜப்பானிய மாணவர்களுக்குத் தொழில் பெயர்களை ஆங்கிலத்தில் விளையாட்டாகக் கற்பிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய அரசுப் பள்ளிகளில் ஆங்கில உதவியாசிரியராக இருப்பவரை ஏ.எல்.டி. என்று அழைக்கிறார்கள். வெளிநாட்டவரைப் பள்ளி வேலைக்கு அழைத்துவர அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் மூலமும், ஊர்க் கல்வி வாரியங்கள் மூலமும், ஆள் அனுப்பும் நிறுவனங்கள் மூலமும் பல நாட்டவர்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். நம்மவர்களும் சிலர் இருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் என்னிடம் கேட்பவற்றில், தொழில் பெயர்கள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் அனுபவம் பெரும்பாலும் தொடக்கப் பள்ளி சார்ந்தது என்பதால் அதற்கே இங்கு அதிக இடம்.

இந்தப் பாடம் எந்த வகுப்பில் வருகிறது?

2020-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டப்படி 3, 4-ஆம் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 35 பாடவேளை ஆங்கிலம் உண்டு. அங்கே அது மதிப்பெண் இல்லாத பழக்கம் மட்டும். 5, 6-ஆம் வகுப்புகளுக்கு 70 பாடவேளை, அங்கே அது முறையான பாடம். ஒரு பாடவேளை 45 நிமிடம். தொடக்கப் பள்ளியை முடிக்கும்போது ஒரு பிள்ளை 600 முதல் 700 சொற்களைச் சந்தித்திருக்க வேண்டும் என்பது திட்டம்.

தொழில் பெயர்கள் பெரும்பாலும் 6-ஆம் வகுப்பின் கடைசிப் பகுதியில், ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான மூன்றாம் பருவத்தில் வரும். “வாட் டு யூ வான்ட் டு பி?” என்ற கேள்விதான் அந்தப் பாடத்தின் முதுகெலும்பு. இந்தக் காலம் முக்கியமானது. மார்ச்சில் பட்டமளிப்பு விழா. பல பள்ளிகளில் சான்றிதழ் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் மேடையில் நின்று தன் எதிர்காலக் கனவை உரக்கச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. நினைவு மலருக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள். ஆக, நீங்கள் ஆங்கிலத்தில் கேட்கிற கேள்வி அவர்கள் மனதில் ஏற்கெனவே ஜப்பானிய மொழியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மொழி வகுப்பில் இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி அமையாது.

நடுநிலைப் பள்ளியிலும் இந்தச் சொற்கள் திரும்ப வரும். அங்கே மாணவர்கள் சில நாட்கள் கடை, தீயணைப்பு நிலையம், மழலையர் பள்ளி போன்ற இடங்களுக்குப் போய் வேலையைக் கற்றுப் பார்க்கும் வழக்கம் பரவலாக உண்டு. ஹியோகோ மாநிலத்தில் 1998 முதல் 2-ஆம் ஆண்டு மாணவர்கள் இதற்காக ஒரு வாரத்தையே செலவிடுகிறார்கள். அந்த வாரத்துக்கு முன்னும் பின்னும் இந்தச் சொற்களைக் கையிலெடுத்தால் நன்றாக ஒட்டும்.

ஒரு வகுப்பில் எத்தனை சொற்கள் வைக்கலாம்?

அட்டைகள் 16 வரை இருக்கலாம், ஆனால் அவற்றில் உண்மையிலேயே புதியவை 5 அல்லது 6-ஐத் தாண்டக் கூடாது. பைலட், டாக்டர், டிசைனர், ப்ரோக்ராமர் எல்லாம் ஜப்பானிய மொழியில் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள். பிள்ளைகளுக்குப் பொருள் தெரியும், வாய்தான் திருந்த வேண்டும். கார்ப்பென்டர், வெட், ஆஸ்ட்ரோனாட், நர்சரி டீச்சர் போன்றவை முற்றிலும் புதியவை. மூன்றாவதாக ஒரு வகை இருக்கிறது. அதுதான் வம்பு பிடித்த வகை.

அது என்ன வகை? கடகானா சொற்கள் உதவிதானே?

பாதி உதவி. ஜப்பானியர்கள் வெளிநாட்டுச் சொற்களைக் கடகானா எழுத்தில் எழுதித் தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்த பிறகு பல சொற்கள் பொருள் மாறிவிடுகின்றன, சில ஜப்பானிலேயே பிறந்தவை. காவலாளியை ‘காடோமான்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அவர் செக்யூரிட்டி கார்டு. புகைப்படக்காரர் ‘கமேராமான்’. தொலைக்காட்சி முகம் ‘தரென்தோ’, அதாவது டேலன்ட். நாய்க்கு முடி வெட்டி அழகுபடுத்துகிறவர் ‘தொரிமா’. அதே சொல்லை வெளிநாட்டுக்காரரிடம் சொன்னால் அவர் முடிவெட்டும் கருவியைத்தான் நினைப்பார். இன்னும் சில சொற்கள் ஆங்கிலமே அல்ல: ‘அருபைதோ’ என்ற பகுதிநேர வேலை ஜெர்மனியிலிருந்து வந்தது, சமையற்காரரைக் குறிக்கும் ‘கொக்கு’ டச்சுக்காரர்கள் விட்டுச் சென்றது.

இவற்றைத் “தவறான ஆங்கிலம்” என்று பலகையில் கோடு போட்டு அடிக்காதீர்கள். அவை நல்ல ஜப்பானியச் சொற்கள். நான் செய்வது இதுதான்: ஒரு படத்தைக் காட்டி “ஜப்பானில் காடோமான், அமெரிக்காவில்?” என்று கேட்டுக் குழுக்களை ஊகிக்க விடுவேன். பிள்ளைகளுக்கு இது துப்பறியும் வேலை மாதிரி இருக்கும். ஊகம் தப்பானாலும் யாருக்கும் கூச்சம் வராது, ஏனென்றால் யாருக்கும் விடை தெரியாது.

பேக்கர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் “பிரெட் ஷாப்” என்கிறார்களே?

அதற்குக் காரணம் அவர்கள் தாய்மொழி. ரொட்டிக்கடையும் ‘பன்-யா சான்’, ரொட்டி சுடுகிறவரும் ‘பன்-யா சான்’. பூக்கடை, புத்தகக்கடை, மீன்கடை எல்லாவற்றுக்கும் இதே கதை. தொடக்கப் பள்ளியில் சேரும் பிள்ளைகளிடம் குராரே நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கெடுப்பில், சிறுமிகளின் முதல் விருப்பமாகப் பல ஆண்டுகளாக நிற்பது ‘கேக்கடை, ரொட்டிக்கடை’தான். அவர்கள் கடையைச் சொல்லவில்லை, தங்களைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளை “ஐ வான்ட் டு பி எ கேக் ஷாப்” என்று சொல்வது இயல்பு.

இதற்கு ஜோடி அட்டை நல்ல மருந்து. ஜப்பானில் ‘ஷின்கெய் சுய்ஜாக்கு’ என்று ஒரு சீட்டாட்டம் உண்டு: கவிழ்த்து வைத்த சீட்டுகளில் இரண்டைத் திருப்பி ஜோடி சேர்க்க வேண்டும். ஒரு கட்டில் ஆட்கள், இன்னொரு கட்டில் இடங்கள். பேக்கரும் பேக்கரியும், ஃப்ளோரிஸ்டும் ஃப்ளவர் ஷாப்பும், நர்ஸும் ஹாஸ்பிடலும். ஜோடி சேர்ந்தால் மட்டும் போதாது. “எ பேக்கர் வொர்க்ஸ் இன் எ பேக்கரி” என்று முழு வாக்கியம் சொன்னால்தான் சீட்டு கைக்கு வரும். இந்த விதியைத் தளர்த்தவே கூடாது.

உச்சரிப்பில் எதைப் பிடித்துத் திருத்துவது?

எல்லாவற்றையும் திருத்தப் போனால் பிள்ளைகள் வாயை மூடிவிடுவார்கள். இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சொல்லின் கடைசியில் ஒட்டும் உயிர். ஆங்கிலத்தில் இரண்டே அசையுள்ள டென்டிஸ்ட், ஜப்பானிய வாயில் ‘தே-ன்-தி-சு-தோ’ என்று ஐந்தாக விரியும். தமிழ் பேசுகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘பஸ்ஸு’, ‘டென்டிஸ்ட்டு’ என்று நாமும் உகரத்தைச் சேர்த்துத்தான் பேசுகிறோம். அதனால் நமக்கு இதில் பொறுமை இருக்கும், அது பெரிய பலம். கைதட்டல் உதவும்: டென்டிஸ்டுக்கு இரண்டு தட்டல், ஃபார்மருக்கு இரண்டு, நர்ஸுக்கு ஒன்றே ஒன்று. நர்ஸுக்கு இரண்டாவது தட்டல் போட்டவர் உட்கார வேண்டும் என்று வைத்தால் வகுப்பே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டாவது, அவர்கள் மொழியில் இல்லாத ஒலி. வெட் என்பது ‘பெத்தோ’ ஆகிவிடும், அதாவது படுக்கை. சிங்கர் ‘ஷிங்கா’ ஆகும். கால்நடை மருத்துவராக வேண்டும் என்ற பிள்ளை படுக்கையாக வேண்டும் என்று சொல்லிவிடக் கூடாது, எனவே மேல்பல் கீழுதட்டைத் தொடுவதைக் காட்டுங்கள். மற்றதெல்லாம் காலப்போக்கில் வரட்டும்.

வாசிக்க வைக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். 3-ஆம் வகுப்பில் ஜப்பானிய மொழியை ரோமன் எழுத்தில் எழுதக் கற்றிருப்பார்கள். அந்தப் பழக்கத்தில் நர்ஸை ‘நுருசே’ என்று வாசிப்பார்கள். ஒலி காதில் நன்றாகப் பதிந்த பிறகே எழுத்தைக் காட்டுவது நல்லது.

முதல் விளையாட்டாக எதை வைக்கலாம்?

அழிப்பான் விளையாட்டு. ஜப்பானியப் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்தது, ஒரு பொருளும் வாங்க வேண்டாம். இருவர் எதிரெதிராக உட்கார்ந்து நடுவில் ஓர் அழிப்பானை வைக்கிறார்கள். இந்தச் சுற்றின் குறிச்சொல் ‘ஃபார்மர்’ என்று அறிவிக்கிறீர்கள். பிறகு நீங்கள் ஒவ்வொரு தொழிலாகச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்லி இரண்டு முறை கைதட்ட வேண்டும். குறிச்சொல் வந்ததும் அழிப்பானைப் பறிக்க வேண்டும்.

எனக்கு இது பிடித்ததற்குக் காரணம், காத்திருக்கும் நேரத்திலும் எல்லா வாயும் அசைகிறது. குறிச்சொல் ‘ஃபார்மர்’ என்றால் ‘ஃபயர்ஃபைட்டர்’, ‘ஃப்ளோரிஸ்ட்’ என்று ஒரே மாதிரி தொடங்கும் சொற்களை நடுவில் தூவுங்கள். பாதி வகுப்பு கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு குறிச்சொல்லைச் சொல்லும் பொறுப்பை ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

கருத்தா விளையாடலாமா?

தாராளமாக. கருத்தா என்பது தரையிலோ மேசையிலோ பரப்பிய சீட்டுகளில், வாசிப்பவர் சொல்வதற்கு உரியதைத் தட்டி எடுக்கும் ஆட்டம். புத்தாண்டுக் காலத்தில் நூறு கவிஞர்களின் நூறு பாடல்களை வைத்து இதை ஆடுவது அவர்கள் மரபு. தொழில் பாடம் ஜனவரியில் தொடங்குவதால் பிள்ளைகள் கை அப்போதுதான் சூடாக இருக்கும். நால்வர் குழு, கை தலைமேல், தவறான சீட்டைத் தொட்டால் ‘ஒத்தெத்ஸுக்கி’, அடுத்த முறை ஓய்வு. இந்த விதிகளையெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் இதில் எனக்கு ஒரு குறை உண்டு. ஆசிரியர் “டாக்டர்” என்று சொல்ல, பிள்ளை டாக்டர் படத்தைத் தட்டினால், அங்கே பேசியது ஆசிரியர் மட்டுமே. பத்து நிமிடம் கூச்சலும் சிரிப்புமாகப் போகும், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அருமையான வகுப்பாகத் தெரியும், ஒரு பிள்ளைகூட ஒரு சொல்லையும் உச்சரித்திருக்காது. ஒரு விளையாட்டு நல்லதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: அந்தச் சொல்லைச் சொல்லாமல் இந்தப் பிள்ளையால் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் விளையாட்டை மாற்ற வேண்டும்.

கருத்தாவை மாற்றுவது எளிது. தொழிலின் பெயரைச் சொல்லாமல் வேலையைச் சொல்லுங்கள். “ஐ வொர்க் இன் எ ஹாஸ்பிடல்” என்றதும் ஒரு கை டாக்டர் மீதும் இன்னொரு கை நர்ஸ் மீதும் விழும். இருவரும் உங்களைப் பார்ப்பார்கள். உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். “ஐ வொர்க் வித் அனிமல்ஸ்” என்று அடுத்த வரியைச் சொன்னால் இரண்டு கைகளும் பின்வாங்கி வெட் சீட்டைத் தேடி ஓடும். சீட்டை எடுத்தவர் “எ வெட்!” என்று சொல்ல வேண்டும், அந்தச் சின்ன ‘எ’யை விட்டால் சீட்டு திரும்ப மேசைக்கு. ஜப்பானிய மொழியில் இப்படி ஒரு முன்னொட்டே கிடையாது, அதனால் விதியாக வைத்தால்தான் நாக்கில் ஏறும். ஆர்டிஸ்ட், எஞ்சினியர், ஆஸ்ட்ரோனாட், அனவுன்சர் சீட்டுகளின் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள், அவற்றுக்கு ‘ஆன்’.

அடுத்த படி, வாசிப்பவர் வேலையையே பிள்ளைகளிடம் கொடுப்பது. குழுவில் ஒருவர் மாறி மாறி வாசிப்பவர் ஆவார். அப்போதுதான் மொழி உண்மையிலேயே கைமாறுகிறது.

உங்களுக்கு மிகவும் பிடித்த விளையாட்டு எது?

மூன்று குறிப்பு வினாடி வினா. ஜப்பானிய வகுப்புகளில் நன்கு பழகியது. 1947 முதல் 1960 வரை என்.எச்.கே. வானொலியில் ‘இருபது கதவுகள்’ என்று ஒரு நிகழ்ச்சி வந்தது, கேள்வி கேட்டுக் கேட்டு விடையை நெருங்குவது. கேள்வி கேட்டு ஒரு பொருளைக் கண்டுபிடிக்கும் ருசி அங்கே பழையது.

விதி இப்படி: அகலமான குறிப்பிலிருந்து குறுகிய குறிப்புக்கு வர வேண்டும். முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் 3 மதிப்பெண், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 1. தப்பாகச் சொன்ன குழு அந்தச் சுற்றில் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் விளையாட்டின் உயிர். அது இல்லாவிட்டால் எல்லோரும் வாய்க்கு வந்ததைக் கத்துவார்கள்.

ஒரு சுற்றைக் காட்டுகிறேன். நான் “ஐ வொர்க் அவுட்சைட்” என்கிறேன். நான்கு தலைகள் ஒன்றாகக் குனிகின்றன. போலீஸா, கால்பந்து வீரரா, தச்சரா என்று கிசுகிசு. யாரும் கை தூக்கவில்லை. “ஐ கெட் அப் எர்லி.” ஒரு குழுவில் சட்டென்று கை உயர்கிறது: “ஆர் யூ எ பேக்கர்?” பக்கத்துக் குழுவிலிருந்து யாரும் கேட்காமலே பதில் வருகிறது: “நோ, நோ! பேக்கர், இன்சைட்!” அந்த இரண்டு சொல் எதிர்ப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். முந்தைய குறிப்பை நினைவில் வைத்து, ஒப்பிட்டு, தானாக ஆங்கிலத்தில் மறுத்திருக்கிறது அந்தப் பிள்ளை. மூன்றாவது, “ஐ க்ரோ ரைஸ்.” அறை முழுக்க “ஃபார்மர்!”

பிறகு பிள்ளைகள் தாங்கள் ஆக விரும்பும் தொழிலுக்குத் தாங்களே மூன்று குறிப்பு எழுதுகிறார்கள். இலக்கணம் அரைகுறையாகத்தான் இருக்கும். அனிமேஷன் படங்களுக்குக் குரல் கொடுக்கும் ‘செய்யூ’ ஆக விரும்பிய ஒரு சிறுமி எழுதிய குறிப்புகள்: “ஸ்மால் ரூம். வாய்ஸ், ஓகே. ஃபேஸ், நோ.” வகுப்பு ஒரு நொடி யோசித்து “வாய்ஸ் ஆக்டர்!” என்று முழங்கியது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அந்த வகுப்பில் யாரும் மறக்கவில்லை.

சைகை விளையாட்டு எப்போதுமே எடுபடுமா?

தொழிலைப் பொறுத்தது. தீயணைப்பு வீரர், சுஷி சமையற்காரர், பல் மருத்துவர், முடி திருத்துபவர் என்றால் பிரமாதம். அலுவலக ஊழியர், அரசு ஊழியர், ப்ரோக்ராமர், யூடியூபர், கேம் டிசைனர் என்றால் நால்வரும் காற்றில் தட்டச்சு செய்வார்கள், ஒன்றும் புரியாது. சைகைக்கு வேறு கட்டு அட்டை தனியாக வைத்திருங்கள். ஊகிப்பவர் சொல்லை மட்டும் எறியாமல் “ஆர் யூ எ டென்டிஸ்ட்?” என்று கேட்க வேண்டும், நடிப்பவர் “யெஸ், ஐ ஆம்” என்று பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஃப்ரூட் பாஸ்கெட்?

வட்டமாக நாற்காலி, ஒன்று குறைவு, நடுவில் நிற்பவர் ஒரு தொழிலைச் சொன்னால் அந்த அட்டைக்காரர்கள் இடம் மாற வேண்டும். வெள்ளிக்கிழமை மதியச் சோம்பலுக்கு நல்லது. ஆனால் நடுவில் நிற்பவர் மட்டும் பேசுகிறார், ஆகவே 7 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பல பள்ளிகளில் சத்தம் கேட்காமல் இருக்க நாற்காலிக் கால்களில் வெட்டிய டென்னிஸ் பந்துகளைச் செருகியிருப்பார்கள். நாற்காலி வழுக்கும், முதலிலேயே “ஓடக் கூடாது” என்று சொல்லிவிடுங்கள்.

நேர்காணல் விளையாட்டில் பிள்ளைகள் பேசாமல் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்களே?

எல்லா ஊரிலும் நடப்பதுதான். தாளைக் கையில் கொடுத்து “வாட் டு யூ வான்ட் டு பி? என்று பத்துப் பேரிடம் கேட்டுக் கையெழுத்து வாங்கு” என்றால், பிள்ளைகள் ஜான்கென் (கல், காகிதம், கத்தரி என்று கையால் போடும் போட்டி) போட்டு, தாளை மாற்றி, எழுதிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். தாளை நிரப்புவதுதான் இலக்கு என்று நாம்தானே சொன்னோம்.

தாளையே எடுத்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தொழில் அட்டை, யாருக்கும் காட்டக் கூடாது. வகுப்பில் அதே தொழில் இன்னும் மூவரிடம் இருக்கிறது. அவர்களைக் கண்டுபிடித்து ஒன்றாக நிற்க வேண்டும். “வாட் டு யூ டூ?” என்று கேட்டால் தொழிலின் பெயரைச் சொல்லாமல் “ஐ ஃப்ளை ப்ளேன்ஸ்” என்று வேலையைச் சொல்ல வேண்டும். நால்வர் சேர்ந்ததும் ஒரே குரலில் “வி ஆர் பைலட்ஸ்!” என்று கத்தலாம். ஒன்றாகச் சொல்வதற்கு முன் பிள்ளைகளே “ஸே-நோ!” என்று எடுத்துக் கொடுப்பார்கள், அது அங்கே வழக்கம்.

எப்போதும் ஒரே பிள்ளைதான் ஜெயிக்கிறது. கூச்சக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். என்ன செய்வது?

கை வேகத்துக்குப் பரிசு கொடுக்கும் விளையாட்டையே தொடர்ந்து வைத்தால் அப்படித்தான் ஆகும். மேசைகளை வரிசையாகப் போட்டு, ஜெயித்தவர் ஒரு மேசை மேலே, தோற்றவர் ஒரு மேசை கீழே என்று நகர்த்திப் பாருங்கள். சில சுற்றுகளில் சமமானவர்கள் எதிரெதிரே வந்துவிடுவார்கள். இடையிடையே ஜான்கென் போன்ற அதிர்ஷ்டத்தைக் கலக்கலாம். ‘பரிணாம ஜான்கென்’ இதற்கு நல்ல உதாரணம்: எல்லோரும் ‘ஸ்டூடன்ட்’ ஆகத் தொடங்கி, ஜெயிக்கும்போது ‘கிளார்க்’, ‘மேனேஜர்’, ‘பிரெசிடென்ட்’ என்று உயர்வார்கள், தோற்றால் ஒரு படி இறங்க வேண்டும். தன் படியை ஆங்கிலத்தில் சொல்லாமல் யாரிடமும் போட்டியிட முடியாது. அமைதியான பிள்ளை முதலாளியாகிவிடும் வாய்ப்பு இதில் சமமாக இருக்கிறது.

தனியாக எழுந்து நின்று பேசச் சொல்வதைக் கடைசி வரைக்கும் தள்ளிப்போடுங்கள். முதலில் எல்லோரும் சேர்ந்து, பிறகு குழுவாக, பிறகு ஜோடியாக. ஜப்பானிய வகுப்பில் மௌனம் என்றால் தெரியவில்லை என்று பொருளல்ல, பெரும்பாலும் தப்பாகிவிடுமோ என்ற பயம்.

“எனக்குக் கனவு எதுவும் இல்லை” என்று சொல்லும் பிள்ளைக்கு என்ன பதில்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். பன்னிரண்டு வயதில் தெரியாமலிருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எல்லோரும் ஏதாவது சொல்லும் அறையில் அந்தப் பிள்ளை தவிக்கும், கடைசியில் பக்கத்தில் இருப்பவர் சொன்னதையே சொல்லிவைக்கும். எனவே முதல் நாளே “ஐ டோன்ட் நோ யெட்” என்பதையும் மற்ற வாக்கியங்களோடு பலகையில் எழுதிப் பழக்குங்கள். அதோடு “ஐ லைக் அனிமல்ஸ்”, “ஐ வான்ட் டு ஹெல்ப் பீப்பிள்” போன்ற வாசல்களையும் திறந்து வையுங்கள். தொழில் பெயர் இல்லாமலும் அழகாக ஒரு நிமிடம் பேசலாம்.

“உன் அப்பா என்ன வேலை செய்கிறார்?” என்ற கேள்வியை நான் வகுப்பில் கேட்பதே இல்லை. அப்பா இல்லாத வீடு, வேலை போன வீடு, பிள்ளை சொல்ல விரும்பாத வேலை எல்லாம் எந்த வகுப்பிலும் இருக்கும். மூன்றாம் நபர் வாக்கியம் பழக வேண்டுமானால் எல்லோருக்கும் தெரிந்த கதாபாத்திரங்களும் விளையாட்டு வீரர்களும் தாராளமாக இருக்கிறார்கள்.

ஃபயர்மேன், போலீஸ்மேன் என்று சொல்லிக் கொடுக்கலாமா?

வேண்டாம். ஃபயர்ஃபைட்டர், போலீஸ் ஆஃபிசர் என்றே பழக்குங்கள். ஜப்பானிலும் மழலையர் காப்பாளருக்கான பெண்பால் பெயர் 1999-இலும், செவிலியருக்கான பெண்பால் பெயர் 2002-இலும் சட்டப்படி பொதுப் பெயராக மாறிவிட்டன. படம் தேர்ந்தெடுக்கும்போது ஓர் ஆண் நர்ஸ், ஒரு பெண் விமானி என்று கலந்து வைத்தால் போதும், பாடம் எடுக்கத் தேவையில்லை.

அட்டைகளுக்கு எங்கே போவது?

பல ஆசிரியர்கள் போகும் இடம் இரசுதொயா என்ற ஜப்பானியத் தளம். 2012-இல் தொடங்கியது, இலவசப் படங்கள், நாம் நினைக்க முடியாத தொழிலுக்கெல்லாம்கூடப் படம் இருக்கும். பிள்ளைகளுக்கும் அந்த உருண்டை முகங்கள் நல்ல பழக்கம். ஆனால் பயன்படுத்தும் விதிமுறையை ஒருமுறை படித்துவிடுங்கள். அச்சிட்டு லேமினேட் செய்து, பின்னால் காந்தத் துண்டு ஒட்டினால் கரும்பலகையில் நிற்கும். காந்தம், டைமர் எல்லாம் 100 யென் கடையிலேயே கிடைக்கும்.

வகுப்பாசிரியரோடு எப்படி வேலையைப் பகிர்ந்துகொள்வது?

பேசிக்கொள்ள உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தாழ்வாரத்தில் ஐந்து நிமிடம். அதில் இரண்டே விஷயம் கேளுங்கள்: யாரை யாரோடு சேர்க்கக் கூடாது, யாரிடம் கனவு பற்றிக் கேட்கக் கூடாது. மற்றதைச் சமாளித்துவிடலாம். விளையாட்டு விதிகளைச் சொல்லி விளக்காமல், நீங்களும் அவரும் முன்னால் நின்று ஒரு சுற்று ஆடிக் காட்டுங்கள். ஆசிரியர் தோற்றால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

பெரியவர்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா?

சரிப்படும், வேறு உடையில். உரையாடல் பள்ளிகளுக்கு வரும் பெரியவர்களிடம் “வாட் டு யூ டூ?” என்று கேட்டால் “ஐ ஆம் சாலரிமேன்” என்பார்கள். தான் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்பதுதான் அங்கே முதல் அறிமுகம். என்ன வேலை என்பது பிறகு வரும். அதனால் “ஐ வொர்க் ஃபார்...”, “ஐ ஆம் இன் சார்ஜ் ஆஃப்...” என்ற இரண்டையும் முதலில் கொடுங்கள்.

விளையாட்டுக்கு ‘மெய்ஷி’ இருக்கிறது, அதாவது விசிட்டிங் கார்டு. இரண்டு கையாலும் நீட்டி, தலை வணங்கி, வாங்கியதைப் படித்துப் பார்ப்பது அவர்கள் தினமும் செய்வது. கற்பனை நிறுவனப் பெயர் மட்டும் உள்ள கார்டுகளை ஒவ்வொருவருக்கும் ஐந்தாறு கொடுங்கள். பதவி எழுதப்பட்டிருக்காது. கார்டைக் கொடுத்து வாங்கி, மூன்று கேள்வி கேட்டு, எதிரில் இருப்பவரின் வேலையை ஊகித்துப் பின்பக்கம் எழுத வேண்டும். வகுப்பு சட்டென்று உயிர் பெறுவதைப் பார்க்கலாம், ஏனென்றால் உடல் ஏற்கெனவே அறிந்த சடங்கு அது.

கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளையாட்டு நடக்கும்போது முன்னால் நிற்காமல் குழுக்களுக்கு நடுவே நடந்து காது கொடுங்கள். வகுப்பு முடியும்போது கதவருகே ஓர் அட்டையைக் காட்டி, ஒரு வாக்கியம் சொன்னவரை வெளியே விடலாம். அடுத்த வாரம் முன்னறிவிப்பில்லாமல் அதே அட்டைகளைக் காட்டினால் உண்மை தெரிந்துவிடும். பிள்ளைகள் வகுப்பு முடிவில் ஜப்பானிய மொழியில் எழுதும் ‘ஃபுரிகாய்ரி’ அட்டையையும் வகுப்பாசிரியரின் உதவியோடு படியுங்கள். “வாய்ஸ் ஆக்டர் என்று சொல்ல முடிந்தது” என்று ஒரு வரி கிடைத்தால், அடுத்த பாடத்தை அந்த வரியிலிருந்து தொடங்கலாம்.

45 நிமிடத்தை எப்படிப் பிரிப்பீர்கள்?

வணக்கத்துக்கு 3 நிமிடம். படங்களைக் காட்டிச் சொற்களை அறிமுகம் செய்ய 7. அழிப்பான் விளையாட்டு 5, வேலையைச் சொல்லி ஆடும் கருத்தா 10, மூன்று குறிப்பு 12. பிறகு 5 நிமிடம் பக்கத்தில் இருப்பவரிடம் தன் விருப்பத்தைச் சொல்ல, கடைசி 3 நிமிடம் ஃபுரிகாய்ரி அட்டைக்கு. காலைக் கூட்டம் நீண்டதாலோ சளிக்காய்ச்சல் பற்றிய அறிவிப்பாலோ நேரம் குறைந்தால், கருத்தாவை வெட்டுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லும் அந்த 5 நிமிடத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம்.